கிடாக்குட்டிகளுக்குத் தானியம்: மூன்று வாரப் பழக்கம் தேவை

மாலையில் தீவனத்தை நன்றாகத் தின்ற கிடாக்குட்டி, மறுநாள் காலையில் பட்டியின் மூலையில் ஒதுங்கி நிற்கும். அசை போடாது, தண்ணீரையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். பொழுது சாய்வதற்குள் படுத்து விடும். அடுத்த நாள் இறந்து கிடக்கும். பூச்சி பொட்டு தீண்டியிருக்கும் என்பார் ஒருவர். வேண்டாதவர் யாரோ மருந்து வைத்து விட்டார் என்பார் மற்றொருவர். உண்மையான காரணம் பெரும்பாலும் தீவனத் தொட்டியில்தான் இருக்கும்.

பசுவந்தனை, எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பகுதிகளின் கரிசல் கிராமங்களில் ஆட்டுக் கிடாக்களைக் கொட்டிலில் கட்டி வளர்த்து விற்கும் பழக்கம் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் குறைந்து வருவதும், கிடை ஓட்டிச் செல்ல ஆள் கிடைக்காததும் இதற்குக் காரணங்கள். குழுக் கடன் பெற்றுப் பத்துக் குட்டிகள் வாங்கி வளர்க்கும் பெண்களும் உண்டு. இப்படி வளர்க்கும்போது ஏற்படும் இழப்புகளில் தானியத்தால் வருவதுதான் மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில் அது முழுக்க முழுக்கத் தவிர்க்கக் கூடியது.

கரிசலில் மாறிய தீவனம்

கம்பு, சோளம், குதிரைவாலி, கருங்கண்ணிப் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை கரிசல் மானாவாரியின் பழைய பயிர்கள். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 ஆம் ஆண்டிலிருந்து இந்த மானாவாரிப் பயிர்களுக்காகவே பணியாற்றி வருகிறது. அந்தக் காலத்தில் ஆடுகளுக்குக் கிடைத்தது தாளும் கொடியும் புல்லும்தான். தானியம் வீட்டுக்குப் போயிற்று. பருத்திக்கொட்டை உழவு மாட்டுக்குப் போயிற்று.

இப்போது இந்தப் பகுதியில் மக்காச்சோளம் பெருமளவில் பயிராகிறது. கோழித் தீவனத்துக்காக வெளியூர்களுக்குச் செல்லும் இந்தத் தானியம், அறுவடைக் காலத்தில் களத்திலும் சாலை ஓரத்திலும் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. மக்காச்சோளம் ஆட்டை விரைவாகத் தேற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாளும் கொடியும் தின்று பழகிய ஆட்டுக்கு அதை ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுத்தால் அதுவே நஞ்சாகி விடும்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

அசை போடும் கால்நடைகளுக்குப் பெருவயிறு என்ற அறை உண்டு. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தாளையும் புல்லையும் செரிப்பது ஆடு அன்று, இந்த நுண்ணுயிர்களே. ஆகவே ஆட்டுக்குத் தீவனம் வைக்கிறவர் முதலில் இந்த நுண்ணுயிர்களுக்குத்தான் தீவனம் வைக்கிறார்.

நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒரு வகை. மாவுப்பொருளைச் செரிப்பவை வேறு வகை. உளுந்தங்கொடியும் சோளத்தட்டையும் தின்று வந்த குட்டியின் வயிற்றில் முதல் வகைதான் மிகுதி. அந்த நிலையில் மக்காச்சோளம் ஏராளமாக உள்ளே போனால், மாவுப்பொருளை உண்ணும் ஒரு சில நுண்ணுயிர்கள் மட்டும் சில மணி நேரத்திலேயே பெருகி, தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. வயிறு புளித்துப் போகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அமிலம் இரத்தத்தில் கலக்கிறது. இதையே அமில நோய் என்கிறோம்.

இயற்கை இதற்கு ஒரு காப்பும் வைத்திருக்கிறது. ஆடு அசை போடும்போது சுரக்கும் உமிழ்நீரில் சோடா உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்குப் பல லிட்டர் உமிழ்நீர் இவ்வாறு வயிற்றுக்குள் சென்று புளிப்பை முறிக்கிறது. ஆனால் அசை போட வைப்பது தட்டையும் கொடியும் மட்டுமே. மாவாக அரைத்த தானியத்துக்கு அசை வேண்டியதில்லை. எனவே உமிழ்நீரும் ஊறாது. புளிப்பை உண்டாக்குவதும் தானியம், அதை முறிக்கும் மருந்தைக் குறைப்பதும் தானியமே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பிற நாட்டு அனுபவம்

இது கரிசல் சீமைக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1960களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலுள்ள ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில், இறைச்சிக்கான கன்றுகளைப் பெரும்பாலும் பார்லித் தானியத்தைக் கொண்டே கொட்டிலில் வளர்க்கும் முறையை உருவாக்கினர். கன்றுகள் ஏறக்குறைய ஓராண்டிலேயே விற்பனைக்குத் தயாராயின. ஆனால் வயிற்று உப்புசமும், வயிறு புண்ணாகி அதன் வழியே ஈரலில் சீழ்க்கட்டி தோன்றுவதும் அந்த முறையின் பெரும் தொல்லைகளாக இருந்தன. தானியத்தை மாவாக்காமல் நசுக்கிக் கொடுப்பதும், சிறிதளவாவது வைக்கோல் வைப்பதும் அங்கே கற்றுக்கொண்ட பாடங்கள்.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே பட்டியில் அடைத்து மக்காச்சோளம் கொடுத்து வளர்க்கிறார்கள். அங்கும் பட்டிக்கு வந்த மாட்டுக்கு முழுத் தானியத் தீவனத்தை எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. ஏறக்குறைய மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். 500 கிலோ எடையுள்ள காளைக்கே மூன்று வாரப் பழக்கம் தேவை என்றால், 15 கிலோ எடையுள்ள கிடாக்குட்டிக்கு அது எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

இப்பகுதிக்கு ஏற்றது இங்கேயே தோன்றிய வேம்பூர் இனம். வெள்ளை உடலில் செம்பட்டைத் திட்டுகள் கொண்ட உயரமான ஆடு இது. பொட்டு ஆடு என்றும் கரந்தை ஆடு என்றும் மக்கள் அழைப்பர். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றி இந்த இனம் மிகுதி. கரிசலின் வெயிலையும் வறட்சியையும் தாங்கக் கூடியது.

பால் மறந்த, மூன்று நான்கு மாத வயதுடைய, ஏறக்குறைய 15 கிலோ எடையுள்ள குட்டிகளை வாங்குவது நலம். சனிக்கிழமைதோறும் கூடும் எட்டயபுரம் ஆட்டுச் சந்தை போன்ற இடங்களில் வாங்கும்போது ஒரே அளவுள்ள குட்டிகளாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரியதும் சிறியதும் ஒரே தொட்டியில் தின்றால் பெரியது மிகுதியாகத் தின்று நோய்ப்படும். சிறியது தின்னாமல் மெலியும்.

விதையடிக்காத குட்டிகள் விதையடித்தவற்றைவிட விரைவாக எடை கூடும். ஏழெட்டு மாத வயதில் விற்றுவிடப் போகும் குட்டிக்கு விதையடிக்கத் தேவையில்லை. பெட்டைகளுடன் சேர்த்துக் கட்டாமல் இருந்தால் போதுமானது.

வந்த குட்டிகளை ஏற்கெனவே உள்ள ஆடுகளுடன் உடனே சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். இந்தக் காலத்திலேயே குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். துள்ளுமாரித் தடுப்பூசி, தானியம் கொடுக்கும் பட்டிகளுக்கு மிக முக்கியம். குடலில் சாதுவாக இருக்கும் ஒரு நுண்ணுயிர், செரிக்காத மாவுப்பொருள் வந்து சேர்ந்ததும் பெருகி நஞ்சைச் சுரப்பதால் வருவதே அந்த நோய். நன்றாகத் தின்கிற, கொழுத்த குட்டியைத்தான் அது முதலில் தாக்கும். முதல் முறையாகப் போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் தேவைப்படும்.

அடர் தீவனக் கலவை

உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கலவை தயாரித்துக்கொள்ளலாம். 100 கிலோ கலவைக்கு வேண்டியவை:

மக்காச்சோளம் அல்லது கம்பு: 40 கிலோ
கடலைப்பிண்ணாக்கு: 20 கிலோ
உளுந்தம் பொட்டு அல்லது துவரம் பொட்டு: 22 கிலோ
கோதுமைத் தவிடு: 15 கிலோ
தாது உப்புக் கலவை: 2 கிலோ
சாப்பாட்டு உப்பு: 1 கிலோ

இதில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பங்கு புரதம் இருக்கும். மக்காச்சோளத்தை மாவாக அரைக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வயிறு புளிக்கும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் விலை மலிவு என்று வாங்கிச் சேர்க்கக் கூடாது. பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

சீமைக்கருவேல் நெற்று இப்பகுதியில் செலவில்லாமல் கிடைக்கும் தீவனம். நன்றாகக் காயவைத்து விதையோடு இடித்துத் தூளாக்கி, கலவையில் 100 பங்குக்கு 20 பங்குக்கு மேற்படாமல் தானியத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம். இடிக்காமல் கொடுத்தால் விதை சாணத்தோடு நிலத்தில் விழுந்து புதிய புதராக முளைக்கும்.

மூன்று வாரப் பழக்கம்

15 கிலோ எடையுள்ள ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டிய அடர் தீவன அளவு வருமாறு:

முதல் 3 நாள்கள்: அடர் தீவனம் வேண்டாம், கொடி, தட்டை, தண்ணீர் மட்டும்
4 முதல் 7 நாள் வரை: 50 கிராம்
8 முதல் 10 நாள் வரை: 100 கிராம்
11 முதல் 13 நாள் வரை: 150 கிராம்
14 முதல் 17 நாள் வரை: 200 கிராம்
18 முதல் 21 நாள் வரை: 250 கிராம்
22 ஆம் நாள் முதல்: 300 கிராம்

அதன் பிறகு எடை கூடக்கூட, உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு என்ற கணக்கில் உயர்த்தலாம். 20 கிலோ குட்டிக்கு இது 400 கிராம். அதற்கு மேல் வேண்டாம். தின்னும் மொத்தத் தீவனத்தில் பாதியாவது உலர் தீவனமாக இருக்க வேண்டும்.

நாள் அளவைக் காலை, மாலை என இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதலில் கொடியோ தட்டையோ வைத்து, குட்டிகள் ஓரளவு தின்ற பிறகே அடர் தீவனம் வைக்க வேண்டும். வெறும் வயிற்றில் தானியம் விழக் கூடாது. ஒரு வேளை வைக்க மறந்தால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக வைப்பது பெரும் தவறு. ஊருக்குப் போக நேர்ந்தால், பார்த்துக்கொள்பவரிடம் அளவுப் படியைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தொட்டியில் ஒரு குட்டிக்கு ஓர் அடி நீளம் இடம் வேண்டும். எல்லாக் குட்டிகளும் ஒரே நேரத்தில் நின்று தின்ன முடிய வேண்டும். இடம் போதாத தொட்டியில், வலுத்தது பிறவற்றை முட்டி விலக்கிவிட்டு மூன்று குட்டிகளின் பங்கைத் தின்னும். அளந்து கொடுத்தும் குட்டி இறக்கிறதே என்று வியப்பவர்கள் தொட்டியின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்.

தட்டையும் கொடியும்

உளுந்தங்கொடியும் பாசிப்பயற்றங்கொடியும் தட்டையைவிடச் சத்து மிக்கவை. சுண்ணாம்புச் சத்தும் அவற்றில் மிகுதி. தை, மாசியில் கதிரடிப்பு முடிந்ததும் இவற்றை வயலில் சிதற விடாமல் படப்பு போட்டுச் சேமிக்க வேண்டும். ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு அரை கிலோ என்று கொண்டால், 110 நாள்களில் 10 குட்டிகளுக்கு ஏறக்குறைய 550 கிலோ உலர் தீவனம் தேவை. இந்த இருப்பு இல்லாதவர்கள் குட்டி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது. பாதியில் கொடி தீர்ந்து போனால், அந்த இடத்தைத் தானியத்தால் நிரப்பத் தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சோளத்தட்டையையும் மக்காச்சோளத்தட்டையையும் நறுக்கிப் போட்டால் சேதாரம் குறையும். பச்சையாகச் சோளம் அறுத்துப் போடுகிறவர்கள் பூக்கும் முன் அறுக்கக் கூடாது. இளம் பயிரிலும், மழையின்றி வாடி நின்ற பயிரிலும், வாடியபின் மழை பெற்றுத் துளிர்த்த பயிரிலும் உள்ள நஞ்சு சிறிது நேரத்தில் ஆட்டைக் கொன்று விடும்.

நீரடைப்பு

தானியம் தின்னும் கிடாக்களுக்கு வரும் மற்றொரு கேடு சிறுநீர்க்கல். தானியத்திலும் தவிட்டிலும் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறைவு. இந்த ஏற்றத்தாழ்வால் சிறுநீரில் பொடிக் கற்கள் தோன்றுகின்றன. கிடாவின் நீர்த்தாரை குறுகலானது, வளைந்தது, நுனியில் மேலும் சிறுத்தது. கல் அங்கே சிக்கிக்கொள்கிறது. மிக இளம் வயதில் விதையடித்த குட்டியின் நீர்த்தாரை நன்றாக வளர்வதில்லை என்பதால் அதற்கு இந்தத் தொல்லை மிகுதி.

கிடா முதுகை வளைத்து முக்கி நின்றால் மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுவது வழக்கம். சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறதா, அடியோடு நின்று விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தாமதித்தால் நீர்ப்பை வெடித்து விடும். தவிட்டை அளவோடு வைத்துக்கொள்வதும், பயற்றங்கொடி கொடுப்பதும், உப்பு சேர்ப்பதும், எந்நேரமும் நல்ல தண்ணீர் வைப்பதும் கல் தோன்றாமல் காக்கும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் குட்டிகள் குறைவாகக் குடிக்கும். அங்கே மழைநீரையோ குடிநீரையோ வைப்பது நல்லது.

கொட்டில்

கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழைந்து குளம்பில் அப்பிக்கொள்ளும். கால் புண்ணான குட்டி தொட்டிக்கு வராது. எனவே கொட்டிலின் தரையை ஓரடி உயர்த்திச் சரள் மண் போட்டுக் கெட்டித்துக்கொள்ள வேண்டும். ஒரு குட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி இடம் போதும். கூரை ஒழுகாமலும் காற்று தாராளமாக வந்து போகும்படியும் இருந்தால் செலவு செய்து சுவர் எழுப்ப வேண்டியதில்லை.

அமில நோய் கண்டால்

பசுந்தீவனத்திலோ உலர் தீவனத்திலோ தவறு நேராதபோதும், களத்தில் குவித்த மக்காச்சோளத்தில் வாய் வைப்பதாலும், விருந்தில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் அண்டா நிறைய ஊற்றுவதாலும் இந்த நோய் வரலாம். சோறும் கஞ்சியும் ஆட்டின் வயிற்றில் மக்காச்சோளத்தைப் போலவே புளிக்கும்.

அறிகுறிகள் தின்ற 12 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும். குட்டி தீவனம் எடுக்காது. அசை நின்று விடும். பல்லை நறநறவென்று கடிக்கும். இடது வயிற்றைத் தொட்டால் பிசைந்த மாவு போலவும் பிறகு தண்ணீர் தளும்புவது போலவும் இருக்கும். கழிச்சல் புளித்த வாடை வீசும். கண் குழி விழும். கடைசியில் எழ முடியாமல் படுத்து விடும்.

தானியம் தின்றது தெரிந்த உடனேயே, அறிகுறிக்குக் காத்திராமல் தொட்டியிலுள்ள தானியத்தை அகற்றி, காய்ந்த தட்டையை மட்டும் போட வேண்டும். முதலுதவியாக, 20 கிலோ குட்டிக்கு ஆப்பசோடா 15 முதல் 20 கிராம் வரை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். தலையை அண்ணாந்து பிடித்து வேகமாக ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட குட்டிக்கு வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது. முதலுதவி மருத்துவத்துக்கு ஈடாகாது. சேர்ந்து தின்ற எல்லாக் குட்டிகளையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு

சொன்ன முறையில் வளர்த்தால் நாட்டுக் குட்டிகள் நாளொன்றுக்கு 80 முதல் 120 கிராம் வரை எடை கூடும். பழக்கும் 21 நாள்களில் ஒரு கிலோவும், அடுத்த 90 நாள்களில் 9 கிலோவும் கூடுவதாகக் கொண்டால், 15 கிலோவில் வாங்கிய குட்டி 25 கிலோவில் விற்பனைக்கு வரும். இதற்குச் செலவாகும் அடர் தீவனம் ஏறக்குறைய 36 கிலோ. வளர்ப்போர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வில் தராசில் நிறுத்து எழுதி வைத்தால் எந்தக் குட்டி பின்தங்குகிறது என்பதும் தெரியும்.

ஊர்க் கோவில் கொடை, பக்ரீத், தீபாவளி ஆகியவற்றுக்குக் கிடாவின் தேவை மிகும். எந்த விழாவுக்கு விற்கக் கருதுகிறாரோ அந்த நாளிலிருந்து 110 நாள்கள் பின்னோக்கி எண்ணிக் குட்டி வாங்க வேண்டும். பக்ரீத் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள்கள் முன்னதாக வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாமதமாக வாங்கியவர்தான் விரைவாகத் தேற்ற எண்ணி, முதல் நாளே மக்காச்சோளத்தைக் கொட்டுகிறார்.

ஒரு குட்டியில் கிடைக்கும் நிகர லாபம் அதை வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு குட்டி இறந்தால் ஐந்து குட்டிகளின் லாபம் போய்விடும். பத்துக் குட்டிகளில் இரண்டு இறந்தால் நான்கு மாத உழைப்புக்கு மிஞ்சுவது எருவும் கடனும்தான். மூன்று வாரப் பழக்கத்துக்கு ஆகும் அடர் தீவனமோ ஒரு குட்டிக்கு 3 கிலோவுக்கும் குறைவு. பொறுமையாக அளந்து கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு செலவு இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அளவுப் படியும், சுவரில் எழுதிய நாள் கணக்கும் இருந்தால், அந்தக் கொட்டிலில் கிடாக்குட்டிகள் தானியத்தால் சாவதைத் தவிர்க்கலாம்.